ஆடிக் காற்றும் ஏழு மந்திரவாதிகளும்

கேள்வி: வணக்கம் அக்கா. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பழைய கொங்கு நாட்டைப் போன்ற ஒரு கற்பனை நாட்டில் நடக்கும் மாயக் கதை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழு மந்திரவாதிகள் வெள்ளியங்கிரியிலிருந்து கொல்லிமலைக்குப் போக வேண்டும். பறக்க விட்டால் இரண்டே பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். நடக்க விட்டால், "அப்புறம் எதுக்குடி மந்திரம்?" என்று படித்துப் பார்த்த தோழி கேட்கிறாள். துடைப்பமும் பறக்கும் கம்பளமும் நம் ஊருக்கு ஒட்டவில்லை. என் ஆட்கள் எப்படித்தான் பயணம் போவது? குதிரை வைக்கலாமா? கூடுவிட்டுக் கூடு பாய விடலாமா? – ஒரு வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

பறக்க விடுங்கள். மந்திரவாதி பறப்பார் என்ற ஆசையோடுதான் வாசகர் இந்த மாதிரிக் கதையைக் கையில் எடுக்கிறார். அதைக் கொடுக்காமல் இருக்கக் கூடாது. உங்கள் ஆட்கள் இரண்டு பக்கத்தில் போய்ச் சேர்வதற்குக் காரணம், வழியில் அவர்களை எதுவுமே மறிக்காததுதான். நீங்கள் அனுப்பிய சுருக்கத்தை இரண்டு முறை படித்தேன். அதில் காற்று இல்லை, மாதம் இல்லை, ஆறு இல்லை, எல்லைச் சாமி இல்லை. கொங்கு நாட்டில் கதை எழுதிக்கொண்டு இந்த நான்கையும் வெளியே நிறுத்தலாமா?

காற்றிலிருந்து தொடங்குகிறேன். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய திறப்பு வேறு எங்கும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, வழி கிடைத்த இந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு உள்ளே பாய்கிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகளாக நிற்பது இதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். அம்மி பறக்கிற ஊரில் மந்திரவாதி பறப்பதற்குப் பெரிய விளக்கம் எதுவும் தேவையில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளியங்கிரியிலிருந்து கொல்லிமலை நேர்கோட்டில் சுமார் 180 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நேர் கிழக்கு. மலையை விட்டு இறங்கிக் கணவாய்க் காற்றில் ஏறிக்கொண்டால், மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 6 மணி நேரத்தில் போய்விடலாம். அதே வழியை நாளுக்கு 25 கிலோமீட்டர் வீதம் நடந்தால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மந்திரத்துக்கு என்ன பயன் என்ற உங்கள் தோழியின் கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

ஆனால் திரும்பி வருவது? ஆடியில் கிழக்கே போனவர் அந்தக் காற்றை எதிர்த்து மேற்கே வர முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும் வரைக்கும் அங்கேயே கிடக்க வேண்டும். ஆறு மணி நேரப் பயணத்துக்கு நாலு மாதக் காத்திருப்பு. அதற்குள் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கலாம், அம்மா சாகலாம், நிலம் கைமாறலாம். ஒரு மந்திரவாதி கிளம்பும்போது அவர் மனைவி வாசலில் நின்று, "வாடைக்குத்தான் வருவீங்களா?" என்று கேட்டால் போதும், அந்தப் பயணம் எவ்வளவு பெரியது என்று வாசகருக்கு உறைத்துவிடும்.

அடுத்தது, எப்படி மேலே எழும்புகிறார்கள் என்பது. இதற்கு வெளியூர்ச் சரக்கு எதுவும் வேண்டாம். நம் சித்தர் மரபில் எட்டு சித்திகள் உண்டு. அதில் லகிமா என்றால் உடல் இலகுவாவது, கரிமா என்றால் மலை போலக் கனப்பது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். லகிமா தெரிந்தவர் எழும்பிவிடுவார், ஆனால் எடையற்ற உடம்பு காற்று இழுத்த இழுப்புக்குத்தான் போகும். இறங்க வேண்டிய இடம் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தைக் கூட்டிக்கொள்ளத் தெரிய வேண்டும். அவசரப்பட்டுக் கூட்டினால் கல்லாக விழுவார். உங்கள் ஏழு பேரில் இளையவனுக்கு லகிமா மட்டும் கைவந்திருக்கிறது, கரிமா இன்னும் பிடிபடவில்லை என்று வைத்தால், பயணம் முழுவதும் வாசகர் அவனையே பார்த்துக்கொண்டிருப்பார். அவன் இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை மூத்தவர் கையில்.

இன்னொரு வழி குளிகை. பாதரசத்தைக் கட்டி மணியாக்கி, அதை வாயில் அடக்கிக்கொண்டு சித்தர்கள் ஆகாயத்தில் போனார்கள் என்பது இங்கே வழிவழியாக வரும் பேச்சு. பழனி போகர், மருதமலை பாம்பாட்டிச் சித்தர், ஊதியூர் கொங்கணர் என்று நம் பக்கத்தில் ஒவ்வொரு மலையிலும் ஒரு சித்தர் பெயர் இருக்கிறது. குளிகையில் எனக்குப் பிடித்த விஷயம், அது வாயில் இருக்கிறவரைக்கும் பேச முடியாது என்பதுதான். பறக்கிறவர் மந்திரம் சொல்ல முடியாது, கூப்பிட முடியாது, எச்சரிக்க முடியாது. கீழே தன் மகன் ஓடும் வெள்ளத்தில் இறங்குவதைப் பார்க்கும் ஒரு தகப்பன், கத்தினால் குளிகை விழும், குளிகை விழுந்தால் தானும் விழுவோம் என்று தெரிந்தே வாயைத் திறக்கிறான். இந்தக் காட்சியை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

மேலே போகிறவருக்கு வழி தெரிய வேண்டுமே. அதை ஆறுகள் சொல்லும். வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யலைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் வலப்பக்கம் சிவன்மலை, இடப்பக்கம் சென்னிமலை. நொய்யல் காவிரியில் கலக்கிற இடத்தில் கொஞ்சம் வடக்கே திரும்பினால் நாமக்கல்லின் ஒற்றைப் பாறை, அதன் பின்னால் கொல்லிமலை. இந்த ஊர்களின் பெயரை உங்கள் கற்பனை நாட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கிடக்கையை மாற்றாதீர்கள். நம் பக்கத்து வாசகர் பெயரே இல்லாமல் அடையாளம் கண்டுகொண்டு பூரித்துப்போவார். தருமபுரிப் பக்கம் கிடைத்த, அதியமான் பெருவழி என்ற பழைய சாலையின் தூரக் கல்லில் 29 காதம் என்று எழுத்திலும் இருக்கிறது, படிக்கத் தெரியாதவருக்காக இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழியாகவும் இருக்கிறது. உங்கள் மந்திரவாதிகளும் மொட்டைப் பாறைகளின் உச்சியில் அப்படிக் குழி வெட்டி வைத்திருக்கலாம். கீழே நடக்கிறவர்கள் கண்ணுக்கு அது படவே படாது.

சரி, ஏழு பேரும் பறந்தால் கதை தட்டையாகிவிடும். மூன்று பேர் பறக்கட்டும். மற்றவர்கள் வேறு வித்தைக்காரர்கள். ஒருத்தி மூலிகைக்காரி, ஒருவர் குறி சொல்கிறவர், இப்படி. அவர்கள் தரைவழியாகத்தான் வர வேண்டும். இங்கேதான் காவிரி குறுக்கே வருகிறது. பறப்பதற்கு நல்ல மாதம் ஆடி. ஆனால் அதே ஆடியில்தான் காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போகும். பதினெட்டாம் பெருக்கு அன்று பரிசல்காரர் துடுப்பைத் தொட மாட்டார். காற்றுக்காகப் புறப்பட்டால் ஆறு மறிக்கும், ஆறு வடியட்டும் என்று காத்திருந்தால் காற்று ஓய்ந்துவிடும். இதை நீங்கள் கற்பனை செய்யவே வேண்டாம், இந்த நாட்டின் அமைப்பே உங்களுக்காகச் செய்து வைத்திருக்கிறது. அக்கரையில் மூன்று பேர், இக்கரையில் நான்கு பேர், நடுவில் வெள்ளம். என்னைக் கேட்டால் உங்கள் நாவலின் நடுப்பகுதி இதுதான்.

எல்லைச் சாமிகளை நான் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடாதீர்கள். நம் ஊர் எல்லையில் கருப்பராயன் நிற்கிறார், முனியப்பன் மண் குதிரையோடு நிற்கிறார், கன்னிமார் ஏழு கல்லாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்நியர் எல்லை தாண்டினால் கேட்பதற்கென்றே இருக்கிறவர்கள். வானத்தில் போகிறவனுக்கு மட்டும் எல்லை கிடையாதா? ஒவ்வொரு ஊருக்கும் மேலே போகுமுன் கீழே இறங்கி உத்தரவு கேட்க வேண்டும் என்று வையுங்கள். உத்தரவு கேட்பதற்கும் இங்கே முறை இருக்கிறது. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள், பல்லி சொல்வதற்குக் காத்திருப்பார்கள். சிவன்மலையில் சாமி பக்தர் கனவில் வந்து சொல்லும் பொருளைப் பெட்டியில் வைக்கும் வழக்கம் இன்றும் நடக்கிறது. கேட்காமல் பறந்து, களத்துமேட்டில் விழுந்து கிடக்கும் மந்திரவாதியை ஒரு பருத்திக்காட்டுக்காரர் தூக்கி உட்கார வைத்து, "ஏனுங் சாமி, கருப்பராயங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் போயிருக்கலாமுங்களே?" என்று தண்ணீர்ச் சொம்பை நீட்டுவார். அந்த மரியாதையும் அந்தக் கண்டிப்பும் ஒன்றாக வருவது நம் மக்களிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம்.

இன்னொன்றையும் நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள். மந்திரவாதிகள் சுமையும் தூக்கிக்கொண்டு பறக்க முடியும் என்றால், சாலை எதற்கு, வண்டி எதற்கு, சந்தை எதற்கு? கோவைக்கு மேற்கே கணவாய்ப் பக்கம் ராசகேசரிப் பெருவழி என்று பெயர் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. மேற்குக் கரைத் துறைமுகங்களுக்கும் கரூருக்கும் நடுவே அந்தக் கணவாய் வழியாகத்தான் வணிகம் நடந்தது. நம் பக்கத்துப் பூமியில் ரோமானியக் காசுகள் கிடைப்பது அதனால்தான். நொய்யல் கரையில் கொடுமணலைத் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. இத்தனை பேர் மாடு பூட்டி, சுங்கம் கட்டி, வழிப்பறிக்குப் பயந்து போன பாதை அது. உங்கள் மந்திரம் அவர்களுடைய பிழைப்பை ஒரே நாளில் இல்லாமல் ஆக்கிவிடக் கூடாது. ஆக்கினால், அந்தக் கோபத்தைத்தான் நீங்கள் எழுத வேண்டியிருக்கும்.

அதற்கு என் யோசனை இரும்பு. கையில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, இரும்பு மேலே பட்டால் பறக்கும் வித்தை கலையும் என்று வையுங்கள். பறந்து வருகிறவர் கத்தி இல்லாமல்தான் வந்து இறங்குவார். அரிவாள் பிடித்த எந்தக் குடியானவரும் அவருக்குச் சமம். அப்புறம் கொடுமணல் மாதிரி ஓர் உலைக்கள ஊரை நினைத்துப் பாருங்கள். அதற்கு மேலே மட்டும் எந்த மந்திரவாதியும் பறக்க முடியாது, அந்த ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். உலை வைத்திருக்கிறவர்களுக்கு அது தெரியும். அவர்களிடம் பேச்சு நடத்தாமல் நொய்யல் வழி திறக்காது.

கூடுவிட்டுக் கூடு பாய்வதையும் கேட்டிருந்தீர்கள். ஒருமுறை, ஒரே ஒருவருக்கு மட்டும் வையுங்கள். விட்டு வந்த உடம்பை யார் காவல் காப்பது என்பதை முதலில் எழுதுங்கள். திருமூலர் கதையில், மாடு மேய்த்த மூலன் உடம்பில் புகுந்தவர் திரும்பி வந்து பார்த்தபோது தன் உடம்பைக் காணவில்லை, கடைசிவரை மூலனாகவே இருந்தார். அந்த அளவுக்கு விலை இருந்தால்தான் இந்த வித்தை பொருந்தும்.

நினைத்த இடத்தில் தோன்றுவது, மறைவது எனக்குப் பிடிக்காது. வழியையே தின்றுவிடும் வித்தை அது. கட்டாயம் ஒன்று வேண்டும் என்றால் பவானி கூடுதுறை மாதிரி ஓர் இடத்தில் வைக்கலாம். அங்கே காவிரியோடும் பவானியோடும் கண்ணுக்குத் தெரியாத அமுத நதி ஒன்றும் கலக்கிறது என்று நம்புகிறார்கள். அந்த மூன்றாவது நதியில் மூழ்குகிறவர் எங்கே எழுவார் என்பது நதியின் விருப்பம் என்று இருக்கட்டும்.

குதிரை தாராளமாக வைக்கலாம், மாயக் குதிரையாக இல்லாமல் சாதாரணக் குதிரையாக. அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடுவதும் ஆடியில்தான், உங்கள் கதை மாதத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. தரைவழி வரும் நால்வரில் ஒருத்தி அங்கே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசட்டும், குதிரையின் சுழியை அவள் பார்க்கிற பார்வையும் வியாபாரி பார்க்கிற பார்வையும் வேறாக இருக்கட்டும். கோபியிலிருந்து அந்தியூர் தூரமில்லை. வரும் ஆடியில் போய், சந்தைக்காரர்கள் எந்தச் சுழிக்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், அந்த அத்தியாயத்தை அதற்கப்புறம் தொடங்குங்கள்.