பழைய மரத்தரைக்குப் பெயிண்ட் அடித்தால் நிற்குமா?

அமெரிக்காவில் வாங்கிய பழைய வீட்டின் ஓக் மரத்தரைக்குப் பெயிண்ட் அடித்தால் உரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயிண்ட் இல்லை, அடியில் இருக்கும் வார்னிஷும் மெழுகும்தான். மெழுகைத் துடைத்தெடுத்துவிட்டு, பளபளப்பு போகும்வரை 80, அப்புறம் 120 எண் உப்புத்தாளால் தேயுங்கள். ஆனால் வீடு 1978-க்கு முந்தையது என்றால் பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் தேய்க்கவே வேண்டாம்.

தூசி போனதும் பிரைமர் ஒரு கோட்டிங், மேலே தரைக்கென்றே விற்கும் எனாமல் மெல்லிசாக இரண்டு கோட்டிங். சுவர் பெயிண்ட் மிச்சம் இருக்கிறதே என்று அடித்தால் நாற்காலி இழுத்த இடமெல்லாம் பெயர்ந்துவிடும். உள்மூலையில் தொடங்கி வாசலில் முடியுங்கள் (சிரிக்காதீர்கள், மாட்டிக்கொண்டவர்கள் உண்டு). மறுநாள் வெறுங்காலோடு நடக்கலாம். சோபா, கம்பளம் போட மட்டும் இரண்டு வாரமாவது பொறுங்கள்; மேலே காய்ந்தாலும் உள்ளே இறுக நாளாகும்.