கார் துடைக்கும் மைக்ரோஃபைபர் துண்டு நாலு துவையலிலேயே தண்ணீரை உறிஞ்ச மறுக்கிறது. எப்படித் துவைத்துக் காயவைப்பது?

சேலத்தில் போர் தண்ணீர், மற்ற துணிகளோடு சேர்த்து மெஷினில் சோப்புத்தூள், கடைசியில் வாசனைக்குக் கண்டிஷனர் என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இழைகளுக்குள் அடைப்பு விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் துண்டுகளில் பெரும்பாலும் 80 பங்கு பாலியெஸ்டர், 20 பங்கு பாலியமைடு (நைலான் வகை). இழையை நீளவாக்கில் பிளந்து வைத்திருப்பார்கள். அந்தப் பிளவுகளுக்கு நடுவில்தான் தண்ணீரும் தூசும் போய் உட்காரும். வெடிப்புள்ள விரல் நுனியை நல்ல துண்டின் மேல் ஓட்டிப் பாருங்கள், சொரசொரவென்று பிடித்து இழுக்கும். வழுக்கிக்கொண்டு போனால் அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் தெரியும்: முத்து மாதிரி மேலேயே நிற்கும்.

முதல் குற்றவாளி கண்டிஷனர். துணியை மெதுவாக்க இழையின் மேல் ஒரு பூச்சைப் படியவைப்பதுதான் அதன் வேலை. காட்டன் சட்டைக்கு அது சரி, இதற்கு விஷம். அடுத்தது உப்புத் தண்ணீர். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிப் படியும். சரியாகக் கரையாத சோப்புத்தூளும் அதோடு சேர்ந்துகொள்ளும். கார் கண்ணாடியில் விழும் கோடுகளுக்கு இதுதான் காரணம். காட்டன் துணியோடு போட்டால், உதிரும் பஞ்சையெல்லாம் இந்தத் துண்டு வாரி எடுத்துக்கொள்ளும்.

அடைத்த துண்டை மீட்க, குளிக்கிற சூட்டில் (சுமார் 40 டிகிரி) 10 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி லிக்விட் டிடர்ஜென்ட் கலந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். கையால் அமுக்கி அமுக்கி எடுத்தால் போதும். துவைக்கிற கல், பிரஷ், கட்டி சோப்பு மூன்றும் வேண்டாம். பிரஷ் இழையைப் பிய்த்துவிடும். நுரை முழுவதும் போகும்வரை அலசிய பிறகு, இன்னொரு பக்கெட் தண்ணீரில் 100 மில்லி வெள்ளை வினிகர் ஊற்றிக் கால் மணி நேரம் போட்டுவையுங்கள். உப்புப் படிவை அது கரைத்துவிடும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது காவேரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு பக்கெட் பிடித்து வையுங்கள், நிறைய வித்தியாசம் தெரியும். ப்ளீச்சிங் எதுவும் சேர்க்கவே கூடாது. அது பாலியமைடை அரிக்கும். வினிகரோடு சேர்ந்தால் நச்சு வாயுவும் வரும்.

மெஷின் என்றால் மைக்ரோஃபைபரை மட்டும் தனியாக, பாதி டிரம் அளவுக்குப் போட்டு, ஒரு அலசல் கூடுதலாக வையுங்கள். கண்டிஷனர் ஊற்றும் அறையில் பழைய மிச்சம் ஒட்டியிருக்கும். முதலில் அதைக் கழுவுங்கள். வீல் துடைத்த துண்டும் பாடி துடைக்கும் துண்டும் ஒரே வாளிக்குப் போகக்கூடாது. வீலில் இருந்து வரும் இரும்புத் துகள் ஒன்று மாட்டிக்கொண்டால்கூட பெயின்ட்டில் கீறல் விழும்.

காயவைப்பதில்தான் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் முறை மாறுகிறது. சேலத்து ஏப்ரல், மே வெயிலில் மொட்டை மாடியில் நாள் முழுக்கப் போட்டுவைத்தால் இழை மொடமொடவென்று ஆகிவிடும், நாளடைவில் வலுவும் போகும். நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் நைலான் கயிற்றில் உதறிப் போடுங்கள், சீக்கிரமே காய்ந்துவிடும். கைப்பிடிச் சுவரில் விரிக்கவே வேண்டாம், மணல் ஏறும். இரும்புக் கம்பியில் போட்டால் துண்டில் துருக்கறை பிடிக்கும்.

ஏற்காட்டில் மழையும் பனிமூட்டமும் இறங்கும் நாட்களில் வெளியே கொடியில் போட்டால் துணி காயாமல் ஈர வாடை அடிக்கும். அங்கே ஸ்பின்னை இரண்டு முறை ஓட்டி, அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே ஒன்றோடொன்று படாமல் தொங்கவிடுங்கள். அவசரத்துக்கு அடுப்பு மேலோ ரூம் ஹீட்டர் பக்கத்திலோ வைக்காதீர்கள். இழை நுனி உருகிச் சுருண்டால் அந்தத் துண்டை மீட்கவே முடியாது. அயர்ன் பாக்ஸுக்கும் இதே கதைதான். டிரையர் இருந்தால் மிகக் குறைந்த சூடு மட்டும்.

நன்றாகக் காய்ந்ததும் மூடியுள்ள டப்பாவில் மடித்து வையுங்கள். இரண்டு முறை வினிகர் பார்த்தும் தண்ணீர்ச் சொட்டு மேலேயே நின்றால், அந்தத் துண்டை வீலுக்கும் இன்ஜின் பகுதிக்கும் ஒதுக்கிவிடுங்கள்.