மாமியார் வீட்டு மேல ஈக்விட்டி ரிலீஸ், கையெழுத்துக்கு முன்னாடி

சகோ, 71 வயசு மாமியார், லண்டன் ஹாரோ வீடு, கூரை மாத்த 40,000 பவுண்ட் வேணும், ஈக்விட்டி ரிலீஸ்ல (அதே வீட்டுல இருந்துக்கிட்டே அதோட மதிப்புல இருந்து காசு எடுக்கறது) மாசாமாசம் கட்ட வேண்டாம்னு ஏஜென்ட் சொல்றார், நம்பலாமான்னு கேட்டிருந்தீங்க. பொய் இல்ல, ஆனா லைஃப்டைம் மார்ட்கேஜ்ல (வீட்டு மேல கடன் வாங்கி, அவங்க காலத்துக்கு அப்புறம் வீட்டை வித்து அடைக்கற வகை) கட்டாத வட்டி அசலோட சேர்ந்து குட்டி போடும், 6% போட்டாலே 12 வருஷத்துல 80,000 ஆயிடும், அவங்களுக்கு அப்ப 83 தான். கம்பெனி ஈக்விட்டி ரிலீஸ் கவுன்சில் (இந்தத் தொழில்காரங்க சங்கம்) மெம்பரான்னு மொதல்ல பாருங்க, அப்படின்னா வீடு வித்த காசுக்கு மேல கடன் போனாலும் பிள்ளைங்க தலையில விழாது. அப்புறம் பென்ஷன் கிரெடிட் (வருமானம் கம்மியான முதியவங்களுக்கு அரசு தர்ற உதவித்தொகை) வாங்குறாங்கன்னா மொத்தமா எடுத்து பேங்க்ல தூங்க விடாதீங்க, சேமிப்பு 10,000 தாண்டுனா அந்த உதவித்தொகையைக் குறைப்பாங்க, டிராடவுன் (தேவைப்படறப்ப கொஞ்சம் கொஞ்சமா எடுக்கற வசதி) கேட்டு கூரைக்காரருக்குக் குடுக்கற அன்னிக்கு எடுத்துக்கலாம். ஈக்விட்டி ரிலீஸ்ல இன்னொரு வகையான ஹோம் ரிவர்ஷன் மட்டும் எனக்குப் பிடிக்கல, வீட்டுல பங்கையே சந்தை விலையை விட ரொம்ப கம்மிக்கு எழுதி வாங்கிடுவாங்க.