அம்மாவுக்கு நீல இன்ஹேலர் அடித்தால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறலாமா?

மாறாதீர்கள். நடுக்கத்துக்குப் பயந்து மாத்திரைக்குப் போனால் நடுக்கம் இன்னும் கூடத்தான் செய்யும்.

கணக்கு எளிது. நீல இன்ஹேலரில் இருப்பது சால்புட்டமால், ஆஸ்துமா இளைப்பைத் தணிக்கும் மருந்து. ஒரு பஃப், அதாவது ஒரு அழுத்து, 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையாக 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று வருகிறது. எடையில் பார்த்தால் ஒரு 4 மில்லிகிராம் மாத்திரை 40 பஃப்புக்குச் சமம். அத்தனையும் வயிற்றில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, கை கால் இதயம் எல்லாம் சுற்றித்தான் மூச்சுக்குழாய்க்குப் போகும். பஃப் நேராக அங்கேயே போய் சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கி 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். "பஃப் ஸ்ட்ராங், மாத்திரை மைல்டு" என்று நம் ஊரில் நிலவும் நம்பிக்கை தலைகீழானது. "இன்ஹேலர் பழகிப்போயிடும்" என்பதும் அதே ரகம். பெண் பார்க்க வருகிற நாளில் இன்ஹேலரை பீரோவில் ஒளித்து வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அன்றைக்குப் பார்த்து இளைப்பு வந்தால் என்ன செய்வார்கள்?

ஏன் நடுங்குகிறது? மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்த இந்த மருந்து பற்றிக்கொள்ளும் அதே ஏற்பிகள் கைத் தசையிலும் இதயத்திலும் உண்டு. ரத்தத்துக்குத் தப்பிப் போகும் கொஞ்சம் மருந்து அங்கேயும் தட்டுகிறது. விரல் நடுக்கம், படபடப்பு, தலைவலி, சில நேரம் கெண்டைக்கால் பிடிப்பு. பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

உங்கள் அம்மா ஸ்பேசர் (இன்ஹேலரைப் பொருத்தி மருந்தை நிதானமாக இழுக்க உதவும் பிளாஸ்டிக் குழல்) இல்லாமல் நேரடியாக வாயில் அடிக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் சேரவில்லையென்றால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் படிந்து வயிற்றுக்குப் போகும். மூச்சு சரியாகாது, நடுக்கம் மட்டும் வரும். உடனே இன்னும் 2 பஃப். படபடப்பின் பாதிக் கதை இதுதான்.

செய்ய வேண்டியது: மூடியைக் கழற்றி வாய்ப்பகுதிக்குள் ஒரு பார்வை, கைப்பையில் கிடந்ததென்றால் நூல், காகிதத் துணுக்கு எதுவும் இருக்கும். நன்றாகக் குலுக்குங்கள். புதியது அல்லது ஒரு வாரத்துக்கு மேல் தொடாதது என்றால் முதல் இரண்டு பஃப்பைக் காற்றில் விடுங்கள். ஸ்பேசரில் பொருத்தி, மூச்சை வெளியே விட்டு, உதட்டை இறுக்கி, ஒரே ஒரு பஃப் அழுத்தி, மெதுவாக 4, 5 நொடி இழுத்து, 10 நொடி அடக்க வேண்டும். இரண்டாவது பஃப்புக்கு அரை நிமிடம் பொறுத்து மறுபடி குலுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஸ்பேசர் சுவரிலேயே நின்றுவிடும். ஸ்பேசரைக் கழுவினால் துணியால் துடைக்காதீர்கள். துடைத்த பிளாஸ்டிக்கில் ஏறும் மின்னூட்டம் மருந்தை இழுத்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் முக்கி அப்படியே உலர விடுங்கள்.

ரோட்டாகேப் என்ற மருந்துப் பவுடர் கேப்ஸ்யூலை வைத்துப் பயன்படுத்துகிற பவுடர் வகை என்றால் எல்லாம் வேறு: அதில் வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும், கருவிக்குள் ஊதவே கூடாது. அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள், யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. சென்னைக் காற்றின் ஈரத்துக்கு டப்பா மூடியைத் திறந்து போட்டால் பவுடர் கட்டியாகிவிடும்.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் நடுக்கத்தைவிடப் பெரிய விஷயம்: ஒரு இன்ஹேலர் எத்தனை நாள் வருகிறது? அதில் 200 பஃப். வாரம் இரண்டு தடவை 2 பஃப் என்றால் 50 வாரம். தினம் இரண்டு தடவை என்றால் 50 நாள். வருடத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் காலியானால் பெரிய தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுகிறது. மாதம் ஒன்று வீதம் காலியானால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. நீல மருந்து விஷம் என்பதால் அல்ல. அது தசையைத் தளர்த்துமே தவிர உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்துக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும். அதனால்தான் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் தரும் ஜினா 2019இல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்புட்டமால் மட்டும் தந்து விடக் கூடாது என்று மாற்றியது. இப்போது பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரையே அவசரத்துக்கும் எழுதுகிறார்கள். டாக்டர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் மருந்தாளுநர், யாருடைய டோஸையும் மாற்றச் சொல்லவில்லை. சீட்டோடு போய் இதைக் கேளுங்கள் என்கிறேன். சீட்டு இல்லாமல் "அதே ப்ளூ கொடுங்க" என்று நிற்பவரிடம் போன மாதம்தானே வாங்கினீர்கள் என்று கேட்டால், கடைக்காரனுக்கு எதற்கு என்று முறைக்கிறார்கள். எதற்கு என்றால் இதற்குத்தான்.

எண்ணிக்கைக் காட்டி இல்லாத இன்ஹேலரைக் குலுக்கிப் பார்த்து மருந்து இருக்கிறதென்று நம்பாதீர்கள். மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு சத்தம் போடும். தண்ணீரில் மிதக்க விடும் சோதனையும் பொய், வால்வும் கெடும். தொடங்கிய தேதியை மார்க்கரால் டப்பாவில் எழுதுங்கள். 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லும் மருந்தை மே மாத வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர் டிக்கியில் போடாதீர்கள்.

அம்மாவின் மற்ற மருந்துகளையும் பாருங்கள். படபடப்புக்கு என்று யாராவது ப்ரொப்ரனோலால் கொடுத்திருந்தால், அல்லது கண் அழுத்தத்துக்கு டைமோலால் சொட்டு விட்டால், அவையே மூச்சுக்குழாயைச் சுருக்கும். சிறுநீர் போக்கும் பிபி மாத்திரை, தியோஃபிலின் என்ற இளைப்பு மருந்து, அடிக்கடி நெபுலைசர் எல்லாம் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். நடுக்கம் சாதாரணம், நெஞ்சுவலி, நாடி தாறுமாறாகத் துடிப்பது, மயக்கம், பஃப் அடித்தவுடனே இளைப்பு கூடுவது சாதாரணமல்ல. உடனே மருத்துவமனை.

தாக்குதல் வந்தால் நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 பஃப், ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிடத்தில் தணியவில்லையா, மறுபடி 4. அதற்கும் அசையவில்லை என்றால் 108. வண்டி வரும்வரை இதே கணக்கில் தொடருங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது என்றால் முதலில் 108, பிறகு பஃப். அந்த நேரத்தில் நடுக்கத்தை எண்ணிக்கொண்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

கடைசியாக, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. போகிக்கு டயர் கொளுத்தாதீர்கள் என்றால் பண்பாட்டு எதிரி என்கிறார்கள். பாய், பழந்துணி எரித்த காலத்துப் பழக்கம் அது. ரப்பரும் பிளாஸ்டிக்கும் அதில் எப்போது சேர்ந்தன? 2018இல் அந்தப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானமே இறங்க முடியவில்லை, இளைப்புக்காரர்கள் எங்கே போவார்கள்? அன்று காலை சன்னலைச் சாத்திவிட்டு அம்மாவை உள்ளேயே வையுங்கள். காலி இன்ஹேலரையும் அந்த நெருப்பில் எறிந்துவிடாதீர்கள், அழுத்தம் அடைத்த டப்பா, வெடிக்கும்.