போலோ ஜிடி டிஎஸ்ஐ: ரீமேப் யோசிக்கும் முன் கியர்பாக்ஸைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2014 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ இருக்கிறது. நான் இரண்டாவது ஓனர், 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி ரீமேப் செய்தால் வண்டி பறக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? இன்ஷூரன்ஸில் மதிப்பு ரொம்பக் குறைவாகப் போட்டிருக்கிறார்கள். விற்பதாக இருந்தால் என்ன விலை கேட்பது? (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: முதலில், நல்ல வண்டி வைத்திருக்கிறீர்கள். 2001-இல் ஃபியட் பாலியோ 1.6 வந்தபோது நம் ஊரில் வேகமான சின்ன வண்டிக்கென்று ஒரு கூட்டமே உருவானது. 2013-இல் வந்த ஜிடி டிஎஸ்ஐக்கும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. 1.2 லிட்டர் எஞ்சின்தான், ஆனால் டர்போ இருப்பதால் 105 பிஎஸ் சக்தி. 175 என்எம் டார்க் (இழுக்கும் திறன்) 1,500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். புனே பக்கத்து சாகன் ஆலையில் 2022-இல் போலோ தயாரிப்பு நின்றுவிட்டது. ஆகவே ஒழுங்காகப் பராமரித்த வண்டிகளின் எண்ணிக்கை இனிமேல் குறையத்தான் செய்யும்.

ரீமேப் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது வேண்டாம். காரணம் எஞ்சின் அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இதற்குள் இரண்டு கிளட்ச். இரண்டும் ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச். 1, 3, 5, 7 கியர்களை ஒன்று பார்த்துக்கொள்ளும், 2, 4, 6 கியர்களை மற்றொன்று. ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும்போதும் உழைப்பது முதல் கிளட்ச் என்பதால், டிராஃபிக்கில் அதுதான் சீக்கிரம் தேயும். இந்த கியர்பாக்ஸ் 250 என்எம் வரை தாங்கும்படி வடிவமைத்தது. ரீமேப்பில் டார்க் 200-ஐத் தாண்டிவிடும். புது கிளட்ச்சுக்கு அது பெரிய சுமை இல்லை. 92,000 கி.மீ. தேய்ந்த கிளட்ச்சுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். காலையில் எடுத்தவுடன் செய்யாமல், அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓட்டி கியர்பாக்ஸ் சூடான பிறகு செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஏசியை அணைத்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் மெல்ல விடுங்கள். வண்டி தண்ணீரில் படகு நகர்வதுபோல நகர வேண்டும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம், கல் பாவிய தெருவில் மாட்டு வண்டி போவதுபோல வந்தால், கிளட்ச் தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம். மீட்டரில் கியர் எழுத்துகள் மினுக்கினாலோ, சில கியர்கள் திடீரென்று விழாமல் போனாலோ, கியர்பாக்ஸை இயக்கும் கம்ப்யூட்டரும் வால்வுகளும் சேர்ந்த மெக்கட்ரானிக் யூனிட்டைப் பார்க்க வேண்டும். இரண்டுமே சின்னச் செலவு அல்ல. டிஎஸ்ஜியை ஸ்கேனர் போட்டு, கிளட்ச் அடாப்டேஷன் அளவுகளை (தேய்மானத்துக்கு ஏற்ப கம்ப்யூட்டர் திருத்தி வைத்திருப்பவை) படித்துச் சொல்லத் தெரிந்தவரிடம் போங்கள். அந்தப் பிரின்ட்டை வாங்கி வையுங்கள்.

ஓட்டும் பழக்கமும் முக்கியம். நெரிசலில் ஒவ்வோர் அடியாக ஊர்ந்து போகாதீர்கள். முன்வண்டியோடு இடைவெளி விட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து நில்லுங்கள். அப்போது கிளட்ச் விலகிக்கொள்ளும். மேட்டில் ஆக்ஸிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தவே கூடாது.

சரி, கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பெட்ரோல் ஒரு பிரச்சினை. ரீமேப் ஃபைல்கள் பெரும்பாலும் ஆக்டேன் அதிகமுள்ள பெட்ரோல் என்று கணக்கு வைத்து எழுதியவை. ஆக்டேன் குறைந்த பெட்ரோல் போட்டால், நாக் (பெட்ரோல் நேரம் தவறி வெடித்து எஞ்சினைத் தட்டுவது) வராமல் இருக்க எஞ்சினே ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய சக்தியில் ஒரு பகுதி போய்விடும். போதாததற்கு உங்கள் வண்டி 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலுக்கென்று செய்தது அல்ல. அடுத்த சர்வீஸில் பெட்ரோல் ஹோஸ்களையும் ரப்பர் பாகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 182ஏ(4). சத்தம் போடும் எக்ஸாஸ்ட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு க்ளெய்மை மறுக்க அவர்களுக்குக் காரணமாகிவிடும்.

ரீமேப்புக்கு ஒதுக்கிய பணத்தை நான் இப்படிச் செலவு செய்வேன்: ஷாக் அப்சார்பர், கன்ட்ரோல் ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் இணைப்பில் இருக்கும் ரப்பர்), பிரேக் ஃப்ளூயிட், நல்ல டயர். இந்த வயதில் புஷ் தொய்ந்திருக்கும். மாற்றிய முதல் நாளே ஸ்டீயரிங்கில் தெரியும். டயரின் கம்பெனி அளவு 185/60 ஆர்15. பலர் போடும் 195/55 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 7.5 மி.மீ. குறைவு, ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். ஆனாலும் கழற்றிய ஒரிஜினல் பாகம் எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடம் முன்பு நண்பர் ஒருவருக்காக இதே மாடல் பார்க்கப் போனேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. ரீமேப் செய்ததை ஓனர் நேர்மையாகச் சொன்னார். ஆனால் ஒரிஜினல் ஃபைல் அவரிடம் இல்லை, ட்யூனரின் பில்லும் இல்லை, கழற்றிய எக்ஸாஸ்ட் எங்கே என்றும் தெரியவில்லை. எஞ்சின் என்ன அழுத்தத்தில் ஓடியது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டோம்.

இனி மதிப்பு. முதல் ஐந்து வருடம்தான் ஐடிவிக்கு (இன்ஷூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு) அட்டவணைப்படி தேய்மானம். அதற்குப் பிறகு நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் ஐடிவி. ரின்யூவலுக்கு முன்பே போட்டோக்களையும் சர்வீஸ் பில்களையும் அனுப்பி உயர்த்திக் கேளுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும்.

விற்பனை விலைக்கு அந்த ஐடிவியைப் பிடித்துத் தொங்காதீர்கள். இதே வருடம், இதே மாடல் விளம்பரங்கள் ஐந்தாறைப் பாருங்கள். அங்கே இருப்பது கேட்கும் விலை. மூன்று வாரம் கழித்தும் விற்காமல் கிடப்பவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை எடுங்கள். அந்த விலையில், உங்கள் வண்டியில் கிளட்ச், டயர் என்று பாக்கி இருக்கும் வேலைக்கான எஸ்டிமேட்டைக் கழியுங்கள். உங்கள் ஆர்சி 2029 வரை. அதன் பிறகு எஃப்சி எடுத்து, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். வாங்குபவர் இதைச் சொல்லி விலையைக் குறைப்பார், தயாராக இருங்கள். சர்வீஸ் பில்களைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் கோர்த்து, மேலே அந்த டிஎஸ்ஜி ஸ்கேன் பிரின்ட்டை வையுங்கள். விலை பேச உட்காரும்போது அந்த ஃபைலை முதலில் நீட்டுங்கள், சாவி அப்புறம்.