சீட் கிடைத்த பிறகு வண்டி ஏறு, தங்கச்சி

கேள்வி: அக்கா, எனக்கு 18 வயது, ஊர் வண்டிப்பெரியாறு. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் தேயிலை எஸ்டேட்டில் வேலை. பத்தாவது வரை தமிழ் மீடியம், இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டேன். சென்னைக்குப் போய் வேலை பார்த்துக்கொண்டே பி.காம். படிக்க ஆசை. குமுளியில் ஒரு ஏஜென்ட் 6,000 ரூபாயும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொடுத்தால் தி.நகர் ஜவுளிக்கடையில் சாப்பாடு, தங்குமிடத்தோடு வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார். ஒரு வருஷம் சம்பாதித்துவிட்டு அப்புறம் காலேஜ் சேரலாம் என்று நினைக்கிறேன். அப்பா எர்ணாகுளம் போதும் என்கிறார். என் பேச்சில் மலையாளம் கலந்து வரும், சென்னையில் சிரிப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது.
வாசகி, இடுக்கி மாவட்டம்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த மார்க் ஷீட். கொடுத்துவிட்டாயா இல்லையா என்று நீ எழுதவில்லை. கொடுத்திருந்தால் நாளைக்கே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி வாங்கு, கட்டிய பணம் போனாலும் போகட்டும்.

நான் கம்பத்துக்காரி. 1997-ல் உன்னை மாதிரியேதான் கிளம்பினேன், முதலில் வேலை, காசு சேர்ந்ததும் படிப்பு என்று கணக்குப் போட்டு. சேர்ந்த கடையில் ஒரிஜினலை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த ஜூனில் காலேஜுக்கு வேண்டும் என்று கேட்டால் முதலாளி ஊரில் இல்லை, சாவி இல்லை, ஆடி முடியட்டும் என்று இழுத்தடித்தார்கள், அட்மிஷனும் முடிந்துவிட்டது. கடைசியில் அது கைக்கு வந்தபோது மற்ற பெண்களின் சான்றிதழ்களோடு சேர்த்து பஞ்ச் போட்டு ஃபைலில் கோத்திருந்தார்கள், ஒரு ஓட்டை சரியாக என் பதிவு எண்ணின் மேல் விழுந்திருந்தது. அந்த இரண்டு இலக்கத்துக்காக டூப்ளிகேட் சான்றிதழ் கேட்டு அலைந்ததில் இன்னொரு வருஷமும் போனது. இப்போது கல்லூரிகளே சரிபார்த்துவிட்டு அசலைக் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி சொல்லிவிட்டது. கல்லூரிக்கே வைத்துக்கொள்ள உரிமை இல்லாத காகிதத்தை ஒரு கடைக்காரர் எதற்குக் கேட்கிறார்? நீ நடுவில் வேலையை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான். ஜெராக்ஸ் எத்தனை வேண்டுமானாலும் கொடு, அசலைக் கொடுக்காதே.

அதனால்தான் உன் 'ஒரு வருஷம் சம்பாதித்துவிட்டு' என்ற கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. ஜவுளிக்கடை வேலை கேவலம் என்று சொல்லவில்லை, நான் பார்த்த வேலைதான். ஆனால் காலையில் ஷட்டர் தூக்குவதிலிருந்து ராத்திரி புடவை மடித்து அடுக்குவது வரை நின்றுகொண்டே இருந்த கால், அறைக்கு வந்ததும் விண்ணப்பத்தை நிரப்ப விடாது. விற்பனைப் பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று கேரளாவில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் நிலைமையை நீயே யோசி. அதோடு காலேஜ் அட்மிஷன் நடக்கிற ஜூன், ஜூலையில்தான் கடையில் ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு இறங்கும், ஒரு நாள் லீவு கேட்கவே பயமாக இருக்கும். என்னோடு அறையில் இருந்த ஆறு பேரும் படிக்கத்தான் வந்தோம், திரும்பப் படித்தது இரண்டு பேர்.

ஆகவே சீட் முதலில், வேலை அப்புறம். சென்னையில் பெண்களுக்கென்றே அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன: கடற்கரையில் 1914-லிருந்து இருக்கும் ராணி மேரி, அண்ணா சாலையில் காயிதே மில்லத், பிராட்வே பக்கம் பாரதி. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் உங்கள் வீட்டுக்குத் தாங்கும். பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி ஆன்லைனில் விண்ணப்பம் வரும். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் தமிழ் வழியில் இருக்கிறது, எங்கே ஷிப்ட் இருக்கிறது என்று பார்த்துப் போடு. காலை ஷிப்ட் கிடைத்தால் மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகலாம்.

இனி எல்லையில் இருக்கிற நமக்கென்றே உள்ள தலைவலி. நீ படித்தது கேரளா போர்டு, ஜாதிச் சான்றிதழ் வாங்குவது பீருமேடு தாலுகா ஆபீசில். அந்தச் சான்றிதழை வைத்துத் தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது, பொதுப் போட்டியில்தான் பார்ப்பார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டமும் உனக்குக் கிடையாது, மலைக்குக் கீழே கூடலூர் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கிடைக்கும். அநியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தெரியாமல் போய் கவுண்ட்டரில் நின்று அழுவதைவிட இப்போதே தெரிந்துகொள். மைக்ரேஷன் சான்றிதழுக்கு இப்போதே எழுதிப் போடு, வெளி போர்டு என்றால் அதைக் கேட்பார்கள்.

அப்பா சொல்வதில் நியாயம் இருப்பதும் இங்கேதான். எர்ணாகுளத்தில் மகாராஜாஸ் கல்லூரி இருக்கிறது, அதுவும் அரசுக் கல்லூரிதான், உன் ஒதுக்கீடும் சலுகையும் அங்கே செல்லும். என் தீர்ப்பு இதுதான்: இரண்டு பக்கமும் விண்ணப்பம் போடு. சென்னையில் அரசுக் கல்லூரி சீட்டும் விடுதியும் கிடைத்தால் போ. கிடைக்காவிட்டால் எர்ணாகுளத்தில் சேர்ந்து படி, மூன்று வருஷம் கழித்துப் பட்டத்தோடு சென்னைக்கு வா. வெறும் வேலையை நம்பி மட்டும் கிளம்பாதே.

மலையாளத்துக்குச் சிரிப்பார்களா என்று கேட்டாய். முதல் மாதம் யாராவது சிரிக்கலாம். ஆனால் அந்த மலையாளம்தான் உனக்குச் சோறு போடப் போகிறது. கேரளாவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் சென்னை ஆஸ்பத்திரிகளில் நிறைய. வரவேற்பு மேஜையில் அவர்களிடம் பேச ஆள் வேண்டும், கால் சென்டர்களுக்கும் மலையாளம் தெரிந்த பெண்கள் வேண்டும். தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரியும் என்று பயோடேட்டாவில் முதல் வரியிலேயே எழுது. எஸ்டேட் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவளுக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

மூன்று மாத விடுதிக் காசு கையில் இல்லாமல் புறப்படாதே, முதல் சம்பளம் நினைத்த தேதியில் வராது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆதார் எந்த மாநிலம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கை ரொம்பக் கடிக்கிற நாளில் அம்மா உணவகம் இருக்கிறது, இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், கூச்சப்படாமல் போய்ச் சாப்பிடு. தனியார் விடுதி என்றால் கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்களா என்று கேள், 2014 சட்டப்படி அது கட்டாயம். கேட்டதும் முகம் மாறுகிற இடத்தில் தங்காதே.

அப்புறம், முதல் தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. போடியிலிருந்து வாரம் மூன்று நாள் சென்னைக்கு ரயில் இருக்கிறது, நீங்கள் தேனியிலேயே ஏறிக்கொள்ளலாம், விடிந்த பிறகு சென்ட்ரலில் இறங்கலாம். பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து ஊருக்குள் வர இன்னும் வெகுதூரம், இருட்டில் வேண்டாம். இரண்டு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, நீ படுக்கப் போகிற கட்டிலையும் வார்டன் முகத்தையும் அம்மா ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டும். அந்த வார்டன் நம்பரை அம்மா போனில் நீயே சேவ் பண்ணிக் கொடு.