பதிலுக்கு முன் ஒரு தாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு வருடமாக எதற்கெடுத்தாலும் ஏஐயிடம்தான் கேட்கிறேன். அலுவலக மின்னஞ்சல் தொடங்கி, மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பது வரை. பதில்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இப்போதெல்லாம் வெறும் தாளோடு உட்கார்ந்தால் ஒரு வரிகூட ஓடுவதில்லை. உன் கருத்து என்ன என்று யாராவது கேட்டால், சொல்வது என் கருத்தா, அது சொன்னதா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. முழுதாக நிறுத்திவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

நிறுத்த வேண்டாம். வரிசையை மாற்றினால் போதும்.

இப்போது கேள்வி எழுந்ததும் தட்டச்சு செய்கிறீர்கள். பதில் வந்த பிறகு யோசிக்கிறீர்கள். அந்த யோசனை, வந்த பதிலை அங்கங்கே திருத்துவதோடு நின்றுவிடும். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்பது கேள்வி. அதற்கு முன் எண்கள் எழுதிய ஒரு சக்கரத்தைச் சுற்றிவிடுவார்கள். 10இல் சக்கரம் நின்றதைப் பார்த்தவர்களின் நடு மதிப்பீடு 25. 65இல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு 45. சம்பந்தமே இல்லாத ஒரு எண்ணுக்கே இந்த இழுப்பு என்றால், கோர்வையாக எழுதப்பட்ட நான்கு பத்திகள் என்ன செய்யும்?

ஆகவே கேட்பதற்கு முன் பத்து நிமிடம், தாளும் பேனாவும். முதலில் உங்கள் முடிவு, ஒரே வரியில். அடுத்து அதற்கான காரணங்கள். கடைசியாக, எது தெரியவந்தால் இந்த முடிவை மாற்றிக்கொள்வீர்கள் என்பது. இந்தக் கடைசி வரியில்தான் பேனா நிற்கும். விடாதீர்கள், உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ‘இரண்டாம் ஆண்டில் வேறு பிரிவுக்கு மாற முடியாதென்றால் இந்தப் படிப்பு வேண்டாம்’ என்று எழுதிவிட்டால், விடை கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது, ஏஐயிடம் இல்லை என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

கேட்கும்போது உங்கள் சாய்வைக் காட்டாதீர்கள். ‘இதுதான் நல்லது என்று நினைக்கிறேன், சரிதானே?’ என்றால் பெரும்பாலும் ஆமாம் என்றே வரும். இந்த ஏஐ மாடல்களைப் பழக்கும்போது மனிதர்களுக்கு எந்தப் பதில் பிடிக்கிறது என்பதையும் வைத்துப் பழக்குகிறார்கள். நமக்கோ, ஒத்துப் பேசுபவர்களைப் பிடிக்கும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு அளவுக்கு மீறி ஜால்ரா போட்டதால், ஓப்பன்ஏஐ நிறுவனமே சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. ‘நிச்சயமாகவா?’ என்று மடக்கிப் பார்ப்பதும் சோதனை ஆகாது. சரியாகச் சொன்ன பதிலையும் மன்னிப்புக் கேட்டு மாற்றிக்கொள்வதுண்டு.

அதைவிட, புதிய உரையாடலை (சாட்) திறந்து, உங்கள் முடிவை வேறொருவருடையதாகச் சொல்லி, ‘இதில் எங்கே ஓட்டை?’ என்று கேளுங்கள். பழைய சாட்டிலேயே கேட்டால் முன்பு பேசியதெல்லாம் அதன் கண்முன் இருக்கும், முதலில் நுழைந்த தவறான அனுமானமும் கூடவே வரும். முன்பு பேசியவற்றை நினைவில் வைத்துக்கொள்ளும் நினைவக வசதி இயங்கிக்கொண்டிருந்தால் புதிய சாட்டும் முழுக்கப் புதிதல்ல. அதை அணைத்துவிடுங்கள், அல்லது தற்காலிக சாட்டைப் பயன்படுத்துங்கள்.

வெறும் தாளின் முன் வரி ஓடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தெளிவாக எழுதியதைப் படித்தால் புரிந்துவிட்டது போல் இருக்கும், தங்காது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். எனவே பதிலைப் படித்ததும் மூடிவிட்டு, மறுநாள் காலையில் நான்கு வரி எழுதிப் பாருங்கள். வராத இடத்தை மட்டும் திரும்பப் படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் இந்தப் பாடு தேவையில்லை. எழுத்துப்பிழை பார்க்க, அட்டவணை போட, வழக்கமான மின்னஞ்சலுக்கு நேராக அதனிடமே கொடுங்கள். நாளை யாராவது ‘ஏன்?’ என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியவற்றுக்குத்தான் அந்தப் பத்து நிமிடம்.

மகளின் படிப்பு அப்படிப்பட்டது. அந்தத் தாளை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம் காட்டுங்கள். அவளையும் ஒன்று எழுதச் சொல்லுங்கள், உங்களுடையதைப் படிப்பதற்கு முன்.